செக்ரோலும் இணையத்தளமும்

மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். முழு நாள் உழைத்தவருக்கு ஒரு பேர் விழும். குறித்த றாத்தல் கொழுந்தை எடுக்கத் தவறியவருக்கு அரைப்பேர்தான். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கெடுத்து, மாலையில் கொழுந்தை நிறுத்து, செக்ரோல் என்னும் பேரேட்டில் அப்பேரைப் பதிபவர் கணக்கப்பிள்ளை. மனிதனுடைய பெயரும் அவனுடைய கூலியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போன இவ்வழக்கு, துரைமாரின் ஆட்சியில் எழுத்து யார் கையில் இருந்தது என்பதை நமக்கு உணர்த்துகிறது. தொழிலாளியின் பெயர் ஏட்டில் இருந்தது. ஏடு அவன் கையில் இருக்கவில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், திறந்த மூலச் சட்டகங்களின்மீது கட்டப்படும் இணையத்தளங்களைப் பொதுமக்களின் பாவனைக்கு விடுதல் என்பதாகும். 'இது கணினித் துறையினரின் தொழில் விவகாரம். சரித்திரக் கட்டுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நண்பர்கள் வினவலாம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஏட்டுக்கும் உழைப்பாளிக்கும் இடையே நிகழ்ந்த நெடும் போராட்டத்தை அறிந்தவர்க்கு அந்தச் சம்பந்தம் எளிதில் புலப்படும். ஆதலின் முதலில் ஏடுகளின் கதையைப் பார்ப்போம்.

தோட்டத் தொழிலாளியைப் பிணித்த காகிதங்கள் பல. கங்காணியின் ஆட்களை, அவர்கள் பேரிலுள்ள கடனைச் செலுத்தினால் விடுவிக்கலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுத்த 'துண்டு' அவற்றுள் கொடியது. மாட்டை விற்பது போல ஆளைக் கைமாற்ற அச்சிறு தாள் போதுமானதாக இருந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையிலிருந்து நீக்குவதற்குப் பற்றுச்சீட்டு என்றொரு தாள். இவையனைத்தும் மேலிருந்து கீழே வந்த எழுத்துக்கள். மலையகத்தைப் பற்றித் தமிழில் வெளிவந்த ஆதி நூலாகக் கருதப்படும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யும் இதற்கு விலக்கன்று. 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய அந்நூல் கும்மி என்னும் மக்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டு, தோட்டம் நடத்துபவனின் கண்ணோட்டத்திலிருந்து கோப்பிச் செய்கையை விளக்குகிறது. அதே 1869இல்தான் கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பயிர் மாறியது, ஏட்டின் உடைமை மாறவில்லை.

ஏடு இல்லாதவன் என்ன விலை கொடுக்க நேரும் என்பது சுதந்திரத்தின் பின்னரே முழுமையாக விளங்கிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா ஆகியன அவற்றுள் அடங்கும். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இந்நாட்டில் பிறந்தார் என்று நிரூபி என்றது சட்டம். பிறப்புப் பதிவு முறையாக வேரூன்றாத காலத்தில், லயக் காம்பராவில் பிறந்த தந்தைக்கு எங்கிருந்து சான்றிதழ் வரும்? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வாயிலைத் திறந்தது போலத் தோன்றியது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களுள் பிரஜைகளாக ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

வாசகர் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டுகிறோம். தொடர்ச்சியான வதிவுக்குச் செக்ரோலைவிடச் சிறந்த சான்று வேறென்ன இருக்க முடியும்? நாள் தவறாமல் பேர் விழுந்த ஏடு அது. ஆனால் அது துரையின் கந்தோரில் இருந்தது. அதிலிருந்து ஒரு பிரதி பெறுவதற்குத் தொழிலாளி துரையின் தயவை நாட வேண்டியிருந்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களை இரு அரசுகளுக்கிடையே பங்கிடத் தொடங்கியபோதும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியபோதும், தோட்ட மக்கள் மீண்டும் மீண்டும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: 'உன் காகிதம் எங்கே?'

இதற்கு எதிராக, தம் ஏட்டைத் தாமே நடத்த முனைந்தோரின் சரித்திரமும் இம்மண்ணில் உண்டு. அதன் தலைவாயிலில் நிற்பவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த இவர், துரைமாரின் அனுமதியின்றி எவரும் தோட்டத்துள் நுழைய முடியாதிருந்த அக்காலத்தில், புடவை வியாபாரியின் கோலத்தில் லயங்களுக்குள் புகுந்து மக்களின் நிலையைக் கண்டறிந்தார். கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்தார். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். பத்திரிகை முன்னும் தொழிற்சங்கம் பின்னுமாக அமைந்த இவ்வரிசை தற்செயலானதன்று என்பது நம் கருத்து. எழுத்து ஆயுதமாகாமல் ஸ்தாபனம் நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆயினும் எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த லயத்தில் பத்திரிகையை யார் படிப்பது? இங்கேதான் மீனாட்சி அம்மையாரின் பங்கு வருகிறது. நடேசய்யரின் துணைவியாரான இவர், தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டி, சிறு பிரசுரமாக அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். அச்சிட்ட தாள் வாசகனைத் தேடிச் செல்லும் வழியாகப் பாட்டு அமைந்தது. அச்சாகிவிட்டது என்பதோடு பிரசுரம் முடிந்துவிடுவதில்லை. அது உரியவரின் காதையோ கண்ணையோ அடையும்போதுதான் முடிகிறது. இணையத்தளம் கட்டுவோர் இன்று இதைப் புதுப் பாடம் போலக் கற்றுக்கொள்கிறார்கள். மீனாட்சி அம்மையாருக்கு இது 1930களிலேயே தெரிந்திருந்தது.

நடேசய்யருக்குப் பின்னும் ஏடுகள் தோன்றின. தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் கவிஞராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை, பிரட்டுக்களத்தையும் கொழுந்து மலையையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சேகரித்தார். கண்டியிலிருந்து 'மலைமுரசு' வந்தது. பின்னர் 'தீர்த்தக்கரை', 'குன்றின் குரல்', அந்தனி ஜீவாவின் 'கொழுந்து' எனப் பல வந்தன. இவற்றுள் நீண்டகாலம் இடையறாது நடந்தவை மிகக் குறைவு. எழுத்தாளர் பஞ்சத்தால் இவை நின்றன என்று சொல்வதற்கில்லை. கடதாசி விலை, அச்சுக்கூலி, அஞ்சற்செலவு, விற்ற பிரதிகளுக்கு வராத பணம் ஆகியவை சிற்றேடுகள் அனைத்தையும் வதைத்த நோய்கள். மலையக ஏடுகள் அவற்றுக்கு விலக்கல்ல. நின்றுபோன ஏட்டின் பழைய இதழ்கள் எங்கே போயின? மலைநாட்டு ஈரமும் கறையானும் அதற்கு விடை சொல்லும். நடேசய்யரின் வாழ்வையும் எழுத்தையும் நூல்களாக எழுத முற்பட்ட சாரல்நாடன் போன்றோர், அப்பத்திரிகைப் பிரதிகளைத் தேடித் திரிந்தே தம் பணியைச் செய்ய வேண்டியிருந்தது.

ஓர் ஏடு அழிவதற்கு ஈரமும் கறையானும் மட்டுமே காரணமாவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருப்பது எத்துணை அபாயம் என்பதை இத்தீ இலங்கைத் தமிழ் மக்களின் நெஞ்சில் சுட்டு எழுதிவிட்டது. பின்னாளில் மின்வடிவில் நூல்களைக் காக்க முனைந்த இளைஞர்களின் எண்ணத்தில் இத்தீயின் நினைவு இருந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை.

இனி, கருவியின் கதைக்கு வருவோம். இணையத்தளம் எதுவாயினும் சில வேலைகளைச் செய்தே ஆகவேண்டும்: வருவோர் கேட்பது இன்னதென அறிதல், தரவுத்தளத்தில் தேடுதல், கிடைத்ததைப் பக்கமாகக் கோத்தல், எழுத உரிமையுள்ளவர் யார் என்று சரிபார்த்தல், திருடர் நுழையாமல் காத்தல். இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதப் புகுந்தால் ஆண்டுகள் கழியும். அச்சுக்கூடம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் புதிதாக எழுத்து வார்ப்பதில்லையல்லவா? அதுபோல, பொதுவான வேலைகளை முன்னரே செய்து வைத்த நிரல்தொகுதியே சட்டகம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையுடன் வெளிவருவது திறந்த மூலச் சட்டகம். நிரலை முதலாளியின் பூட்டிய பெட்டிக்குள் வைப்பதை எதிர்த்து 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதன் ஊற்று. உற்பத்திக் கருவி பொதுவுடைமையாக வேண்டும் என்ற கோரிக்கையை நூறாண்டுக்கு மேலாக எழுப்பிவரும் நமக்கு, ஒரு துறையிலேனும், குறைபாடுகளோடேனும், அது நடைமுறையில் நிகழ்ந்திருப்பது ஆராயத்தக்கது.

2005ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் என்னும் ஊரிலிருந்து 'ஜாங்கோ' என்ற சட்டகம் வெளியிடப்பட்டது. இன்று உலகெங்கும் பரவிய அச்சட்டகம் பிறந்த இடம் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகம்! 'லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட்' என்னும் நாளேட்டின் இணையப் பகுதிகளை, செய்தி ஆறுமுன் கட்டித் தரவேண்டியிருந்த நெருக்கடியிலேயே அதன் அமைப்பு உருவாயிற்று. ஏடு நடத்துவோரின் அவசரமே கருவியை வடித்தது என்பதில் நமக்கு வியப்பில்லை.

அதே 2005இன் தொடக்கத்தில், நம் நாட்டிலேயே இன்னும் பெரிய நெருக்கடியில் ஒரு தளம் எழுந்தது. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இலங்கையில் பலிகொண்டது. காணாமற் போனவர் யார், எந்த முகாமில் யார், எங்கே எந்த உதவி ஸ்தாபனம் நிற்கிறது என்று அறிய ஒரு பொதுப் பேரேடு இல்லை. கொழும்பின் மென்பொருளாளர் பலர் ஊதியம் கருதாது கூடி, சில வாரங்களில் 'சஹானா' என்ற திறந்த மூலத் தளத்தைக் கட்டிப் பணியில் இறக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற் போனோர் பதிவும் முகாம்களின் பதிவும் அதன் உறுப்புக்கள். பின்னர் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அதே நிரல் எடுத்தாளப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலப் பணிக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது. வெளியிலிருந்து வாங்கும் நாடாகவே கருதப்பட்ட இலங்கை, உலகுக்குக் கருவி வழங்கிய சந்தர்ப்பம் இது.

இதை நாம் மலையகத்தோடு சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2014 அக்டோபர் 29இல் ஊவாவின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுள் போனவர் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது. நாள்தோறும் பேர் பதியப்பட்ட மக்களின் பெயர்ப்பட்டியல், அவர்களைத் தேடவேண்டிய நாளில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் கொழும்பில் பிறந்த கருவி இருந்தும், அதை முன்கூட்டியே நாட்டி, தோட்டந்தோறும் ஆள்விபரம் சேர்த்து, ஆயத்தமாக வைத்திருக்கும் பொறுப்பை எவரும் ஏற்றிருக்கவில்லை என்பதே இதன் பொருள். நிரல் இலவசமாகக் கிடைக்கலாம். ஆயத்தம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

2005இன் மூன்றாவது நிகழ்வே நம் கட்டுரையின் நடுநாயகம். அவ்வாண்டு தொடக்கத்தில் ஈழத்து இளைஞர் சிலர் 'நூலகம்' என்னும் மின்னூலகத் திட்டத்தைத் தொடங்கினர். 1998 பொங்கலில் பிறந்து பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கி வந்த மதுரைத் திட்டம் இவர்களுக்கு முன்னோடி. கையில் மூலதனம் இல்லை; கட்டடம் இல்லை. விக்கிப்பீடியாவைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின்மீது இவர்களது நூற்பட்டியல் அமைந்தது. பிற்பாடு ஒலி, ஒளி, நிழற்படம், கையெழுத்துப் படி ஆகியவற்றைக் காக்கும் 'ஆவணகம்' என்ற தளம், ட்ரூப்பல் சட்டகத்தைத் தழுவி நிற்கும் 'ஐலண்டோரா'வின்மீது எழுந்தது. கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழக நூலகத்தில் உருவான மென்பொருள் அது. தீவொன்றில் பிறந்த கருவி இன்னொரு தீவின் ஏடுகளைக் காக்க வந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். (சொற்களில் கறாரானவர்கள், மீடியாவிக்கி ஆயத்த மென்பொருளே தவிரச் சட்டகம் ஆகாது என்பர். நம் வாதத்துக்கு அவ்வேறுபாடு பெரிதன்று.) 2008இல் திட்டம் நூலக நிறுவனமாக அமைப்புப் பெற்றது. 'கொழுந்து', 'குன்றின் குரல்', 'தீர்த்தக்கரை' முதலிய மலையக ஏடுகளின் இதழ்களை இன்று நுவரெலியாவின் மாணவி ஒருத்தி காசு கொடாமல் படிக்க முடிகிறதென்றால், அது இந்த உழைப்பின் பலன்.

தமிழ் எழுத்தே இதற்கு முதலில் தடையாயிருந்ததை இளைய வாசகர் அறியார். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள், உரோமன் எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. திரையில் தமிழ் தெரியும். கணினிக்கோ அது உரோமன் எழுத்துக்களின் குப்பை. எழுத்துரு இல்லாத கணினியில் அக்குப்பையே வெளிப்படும். தேடவும் முடியாது, அகரவரிசையில் அடுக்கவும் முடியாது. 1991இலேயே தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றிருந்தும், அது பரவலான பாவனைக்கு வர மேலும் பத்தாண்டுக்கு மேலாயிற்று. ஒருங்குறியும் கட்டற்ற மென்பொருளும் சந்தித்த தருவாயிலேயே 'நூலகம்' தோன்றிற்று.

சரி, தளத்தைக் கட்டியாயிற்று. அதைப் 'பாவனைக்கு விடுதல்' என்பது யாது? நாடா வெட்டி விளக்கேற்றும் வைபவமாகவே இதைப் பலர் எண்ணுகின்றனர். பட்டறைக்குள் தளம் கட்டப்படும்போது அது கட்டுபவரின் சொந்தக் கணினியில் மட்டுமே ஓடுகிறது. ஜாங்கோ போன்ற சட்டகங்கள் அதற்கெனச் சிறியதோர் ஒத்திகை வழங்கியைக் கூடவே தருகின்றன. பிழை நேர்ந்தால் உள்விபரம் முழுவதையும் திரையில் கொட்டிக் காட்டும் வசதியையும் தருகின்றன. கட்டுபவருக்கு இது பேருதவி. அதே வசதியை அணைக்காமல் தளத்தை வெளியே விட்டால், வீட்டின் வரைபடத்தையும் திறவுகோல் இருக்கும் மூலையையும் கதவிலேயே ஒட்டிவைத்தது போலாகும். ஆதலின் வெளியீட்டுக்கு முன் ஒத்திகை வழங்கியை அகற்றி உறுதியான வழங்கியை நாட்டவேண்டும். கடவுச்சொற்களையும் இரகசியத் திறவுகளையும் நிரலிலிருந்து பிரித்து வைக்கவேண்டும். படங்களும் கோப்புக்களும் தனி வழியே விரைந்து செல்ல வகை செய்யவேண்டும். வருவோருக்கும் வழங்கிக்கும் இடையேயுள்ள போக்குவரத்தை மறைகுறியாக்க வேண்டும். தரவுத்தளத்தின் காப்புப் பிரதியை வேறோர் ஊரில், இயலுமாயின் வேறொரு நாட்டில், வைக்கவேண்டும். வைத்தால் போதாது. அப்பிரதியிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்க்கவேண்டும். எழுப்பிப் பாராத காப்புப் பிரதி, வாசியாமல் அலுமாரியில் வைத்த உயிலுக்கு ஒப்பானது.

மலையகத்தைப் பொறுத்தவரை இன்னொரு சோதனையும் உண்டு. கொழும்பின் கந்தோரில் நொடியில் திறக்கும் பக்கம், மலைமடிப்புக்குள் அமைந்த லயத்தில் பழைய கைத்தொலைபேசியின் மங்கிய சமிக்ஞையில் திறக்குமா? 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட வேளை, மலைப்புறப் பிள்ளைகள் சமிக்ஞை தேடி மேடேறி அலைந்த செய்திகளை நாம் மறக்கவில்லை. ஒரு பழைய இதழ் முழுவதையும் கனத்த ஒரே கோப்பாக வைத்தால், அதை இறக்கும் முன் அத்தொழிலாளியின் முற்கொடுப்புப் பணம் கரைந்துவிடும். பக்கத்தை மெலிதாக்குதல் அழகியல் விஷயமன்று. மீனாட்சி அம்மையார் பிரசுரத்தைப் பாட்டாக்கினாரே, அதே காரியம் இது.

வெளியீட்டு நாளைக் காட்டிலும் கடினமானது அடுத்த நாள். 2014 அக்டோபர் 15இல் ட்ரூப்பல் சட்டகத்தில் பாரதூரமான ஓட்டை ஒன்று வெளிப்படுத்தப்பட்டு, அதற்கான திருத்தமும் அன்றே வழங்கப்பட்டது. சில மணி நேரத்திலேயே உலகெங்கும் தாக்குதல் தொடங்கியது. ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தை இடாத தளங்கள் பறிபோனதாகவே கருதவேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பின்னர் அறிவித்தது. ஏழு மணி நேரம்! பகலெல்லாம் ஆசிரியத் தொழில் பார்த்து, இரவில் தொண்டாகத் தளம் பார்க்கும் ஓர் இளைஞர் அந்த ஏழு மணி நேரமும் உறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். 'கொழுந்து'வின் காலத்தில் அச்சுக்கூலி கொடுக்க இயலாவிட்டால் அடுத்த இதழ் வராது. வந்த இதழ்களேனும் வாசகரிடம் இருக்கும். இணையத்தளத்தில், ஆள்களப் பெயருக்கான ஆண்டுச் சந்தா தவறினால், வந்த இதழ்களும் சேர்ந்தே மறையும். இவ்வகையில் புதுக் கருவி பழையதைவிட இரக்கமற்றது.

திறந்த மூலத்தைப் பற்றி நம்மிடையே உலவும் மிகையான பாராட்டையும் இங்கே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2014 ஏப்ரலில் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்' என்ற மறைகுறியாக்க நிரலில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. உலக இணையத்தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த அந்நிரலை முழுநேரமாகப் பராமரித்தவர் ஓரிருவரே என்ற உண்மை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. கோடிகளில் புரளும் கம்பெனிகள் அதை இனாமாகப் பயன்படுத்தி இலாபம் ஈட்டிக்கொண்டிருந்தன. கருவி பொதுவாகிவிட்டது, அதைப் பேணும் உழைப்போ கூலியற்ற உழைப்பாகவே நின்றுவிட்டது. தொண்டு என்ற அழகிய சொல்லால் இதை மூடிவிடக் கூடாது. அரைப்பேருக்கும் கூடக் கணக்கு இருந்தது; இவர்களுக்கு அந்த அரைப்பேரும் விழவில்லை. மலையக ஆவணங்களுக்காகத் தளம் நடத்த விரும்பும் சங்கங்களும் ஆசிரியர் அமைப்புக்களும், நிரல் இலவசம் என்பதைப் பார்க்குமளவுக்கு, அதைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதந்தோறும் யார் கூலி கொடுப்பது என்பதையும் முதற் கூட்டத்திலேயே தீர்மானித்துக் கூட்டக் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

இனி எஞ்சியிருப்பது எதை ஏற்றுவது என்ற கேள்வி. அச்சான ஏடுகள் ஓரளவு காக்கப்பட்டு வருகின்றன. அச்சாகாத காகிதமே பெரும் புதையல். ஸ்டேர்லிங் கம்பெனிகளின் கையிலிருந்த தோட்டங்கள் 1975ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய செக்ரோல்களும் மருந்துச்சாலைப் பதிவுகளும் கணக்குப் புத்தகங்களும் புதிய நிர்வாகத்துக்கு வெறும் குப்பையாகவே தோன்றியிருக்கும். அவற்றை மக்களின் சரித்திர ஆவணங்களாக அறிவித்து, பிரதி எடுக்கும் உரிமையைச் சட்டத்தால் வழங்கும்படி கோருவது தொழிற்சங்கங்களின் கடமை. சம்பளக் கோரிக்கைக்கு இது மாற்றாகாது. அதனோடு சேர்த்தே கேட்கத்தக்கது.

ஆசிரியர்களாயுள்ள நம் வாசகர் கையிலும் ஓர் ஆவணம் இருக்கக்கூடும். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசுக்கு மாறியபோது கூடவே வந்த பழைய சேர்விடாப்புக்கள் சில பள்ளி அலுமாரிகளின் அடித்தட்டில் இன்னும் கிடக்கலாம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அவற்றில் இருக்கும். 1949ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட சான்றுகள் கிட்டத்தட்ட இவையே. அவற்றை ஒளிவருடிப் பாதுகாக்கலாம்; பாதுகாக்கவும் வேண்டும். ஆனால் அப்படியே பொதுத் தளத்தில் ஏற்றிவிடக் கூடாது. அதிலுள்ள பிள்ளைகள் பலர் இன்றும் உயிரோடிருக்கின்றனர். சிலர் ஒப்பந்தப்படி கடல் கடந்து நீலகிரியிலும் கூடலூரிலும் முதுமை எய்தியிருக்கின்றனர். பேரேட்டைக் கொண்டு மக்களை வகைபிரித்து நாடு கடத்திய கதையை அறிந்த நாம், இன்னொரு பேரேட்டை எவருக்கும் திறந்துவிடத் துணியலாகாது. ட்ரூப்பல் முதலியவற்றில் பதிவை ஒரு பகுதியினருக்கு மட்டும் திறந்துவைக்கும் வகை உண்டு. உரியவரோ அவர் வாரிசோ கேட்டால் அவரது வரியை மட்டும் சான்றுப்படுத்தித் தரும் முறையைப் பள்ளி அதிபரும் நூலகத்தாரும் கூடி வகுக்கலாம். அதற்குமுன், இடாப்பை ஈரம் ஏறாத இடத்துக்கு மாற்றி, எத்தனை பக்கம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு தாளில் குறித்துவைப்பதற்குக் கணினி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும்.